கிட்னி டயட்ல ஊறுகாய், சாஸ், அப்பளம்: சோடியத்தை கணக்குல வெச்சுக்க ஒரு முழு வழிகாட்டி

வீட்டுல ஒருத்தருக்கு கிரியாட்டினின் (கிட்னி வேலை குறைஞ்சா ரத்தத்துல சேர்ற கழிவு) ஏறிடுச்சு, டாக்டர் "உப்பைக் குறைங்க"ன்னு சொல்லிட்டாருன்னா நம்ம வீடுகள்ல முதல்ல கைவைக்கறது சாம்பார்லதான். சாம்பார் சப்புன்னு ஆகுது, அதை சாப்பிட முடியாம பக்கத்துல ஊறுகாய் வருது, ஊறுகாய் வந்தா அப்பளமும் வருது, சாயங்காலம் பஜ்ஜிக்கு தக்காளி சாஸ் வருது, ராத்திரி தோசைக்கு பொடி வருது, கடைசில கூட்டிப் பாத்தா முன்னாடி போனதை விட ஜாஸ்தி சோடியம் உள்ள போயிருக்கும். ஆனா கேட்டா "நாங்க உப்பே போடறதில்லையே, அப்பறம் ஏன் கால் வீங்குது"ன்னுதான் பதில் வரும்.

எங்க மாமனாருக்கு சிகேடி, அதாவது நாள்பட்ட கிட்னி நோய், சமையல் என் கைல, அதனால இந்தக் கணக்கெல்லாம் தினமும் போடறதுதான். நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு: தொட்டுக்கறதை முதல்ல கணக்கு பாருங்க, மிச்சம் இருக்கறதுதான் சமையல் உப்பு. தலைகீழா பண்ணா சோறும் ருசிக்காது, பிரஷரும் இறங்காது.

ஸ்டெப் 1: டாக்டர்கிட்ட "குறைங்க"ன்ற வார்த்தை வாங்காதீங்க, நம்பர் வாங்குங்க

உலக அளவுல கிட்னி டாக்டர்கள் பாக்கற கேடிகோ கைட்லைன் (2024ல வந்தது) ஒரு நாளைக்கு சோடியம் 2 கிராமுக்கு கீழன்னு சொல்லுது, உப்பா சொன்னா 5 கிராமுக்கு கீழ. அமெரிக்காவோட 2020 கிட்னி நியூட்ரிஷன் கைட்லைன் 2.3 கிராம் வரைக்கும் விடுது. பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா உங்க வீட்டு ஆளுக்கு எதுன்னு அவரோட நெப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர்தான் சொல்லணும், ஏன்னா சில வகை கிட்னி நோய்ல உடம்பே சோடியத்தை தேக்காம யூரின்ல விட்டுடும், அவங்களுக்கு உப்பைக் குறைச்சா ஆபத்து. கேடிகோவே அந்த ஆளுங்களுக்கு இது பொருந்தாதுன்னு தனியா சொல்லுது.

போனதுதான் போனீங்க, இன்னும் ரெண்டு விஷயமும் கேட்டுட்டு வாங்க. பொட்டாசியம் கட்டுப்பாடு இருக்கா, பாஸ்பரஸ் கட்டுப்பாடு இருக்கா. ஏன் கேக்கணும்னு நாலாவது, அஞ்சாவது ஸ்டெப்ல புரியும்.

முடிஞ்சா 24 மணி நேர யூரின் சோடியம் டெஸ்ட் ஒண்ணு எடுக்கலாமான்னும் கேளுங்க. நாம தின்ன சோடியத்துல பெரும்பகுதி யூரின்லதான் வெளிய வரும், அதனால ஒரு நாள் முழுக்க கேன்ல சேத்து லேப்ல குடுத்தா உண்மையிலேயே எவ்வளவு சாப்பிட்டோம்னு தெரிஞ்சிடும். ரிப்போர்ட்ல மில்லிமோல்னு வரும், அதை 23ஆல பெருக்குங்க, மில்லிகிராம் வந்துடும். 87 வந்தா சுமாரா 2000 மி.கி. 180 வந்துச்சுன்னா "நாங்க உப்பே போடறதில்ல"ன்ற பேச்சு அத்தோட முடிஞ்சது. டயாலிசிஸ்ல இருந்து யூரின் சுத்தமா குறைஞ்சவங்களுக்கு இந்த டெஸ்ட் உதவாது, அவங்களுக்கு கடைசி ஸ்டெப்ல வேற வழி இருக்கு.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னு கேட்டா, ஆஸ்பத்திரில ஏத்தற நார்மல் சலைன் இருக்கே, அதுல ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடம்பு உப்பை தனியா வெச்சுக்காது, கிட்டத்தட்ட அதே கணக்குல தண்ணியோட சேத்துதான் வெச்சுக்கும். கிட்னியால வெளிய தள்ள முடியாத 9 கிராம் உப்பு உள்ள தங்கிச்சுன்னா கூடவே ஒரு லிட்டர் தண்ணியும் தங்குது, கால்ல, முகத்துல, ரொம்ப மோசமானா நுரையீரல்ல. அதோட டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி மாத்திரைங்க யூரின்ல புரோட்டீன் போறதை குறைக்கத்தான் குடுக்கறாங்க, உப்பு ஜாஸ்தியானா அந்த மாத்திரையோட வேலையே பாதி மழுங்கிடும். காசு குடுத்து மாத்திரை வாங்கி, ஊறுகாய் போட்டு அதைக் கெடுக்கறோம்.

ஸ்டெப் 2: உப்பு வேற, சோடியம் வேற, இந்த ஒரு கணக்கு மட்டும் மனப்பாடம்

உப்புல 40 சதவீதம்தான் சோடியம். 1 கிராம் உப்புன்னா 400 மி.கி. சோடியம். தலைதட்டின ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம், அதாவது 2300 மி.கி. சோடியம். ஒரு நாள் கோட்டா அந்த ஒரு டீஸ்பூன்லயே தாண்டிடுச்சு பாருங்க. கல் உப்பு ஸ்பூன்ல கொஞ்சம் கம்மியா நிக்கும், நடுவுல காத்து இருக்கறதால, எடை போட்டா ரெண்டும் ஒண்ணுதான்.

வீட்டு ஸ்பூனை நம்பாதீங்க, ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு சைஸ். 5 மி.லி., 15 மி.லி. அளவு ஸ்பூன் செட் வாங்குங்க, முடிஞ்சா கிராம் காட்டற சின்ன கிச்சன் தராசும்.

ஸ்டெப் 3: பிரிட்ஜையும் அலமாரியையும் காலி பண்ணி டேபிள்ல அடுக்குங்க

இதை உண்மையிலேயே பண்ணுங்க, மனசுக்குள்ள பண்ணா பாதி மறந்துடும். ஊறுகாய் பாட்டில், மாவடு ஜாடி, மோர் மிளகாய், வத்தல், அப்பளம், இட்லி பொடி, சாஸ் பாட்டில்ங்க, மேகி க்யூப், சாட் மசாலா, சூப் பாக்கெட், கருவாடு, எல்லாம். ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு இருக்குன்னு சுமாரான கணக்கு தரேன், பிராண்டுக்கு பிராண்ட் மாறும்.

சோயா சாஸ்தான் எல்லாத்துக்கும் ராஜா, ஒரு டேபிள்ஸ்பூன்ல கிட்டத்தட்ட 900 மி.கி. சோடியம். நாள் கோட்டால பாதி, ஒரே ஒரு டேபிள்ஸ்பூன். பிஷ் சாஸ் அதையும் தாண்டி 1400 கிட்ட போகும், ஆய்ஸ்டர் சாஸ் 500 பக்கம். தக்காளி சாஸ் பரவால்ல, ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 150 இருக்கும், பிரச்சனை என்னன்னா அதை யாரும் ஒரு டேபிள்ஸ்பூனோட நிறுத்தறதில்ல. மயோனைஸ் 90 பக்கம். வினிகர்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, அதனாலதான் அது நம்ம நண்பன், பின்னாடி வரேன்.

ஊறுகாய்க்கு வருவோம், நம்மாளுங்க விழற இடமே அதுதான். ஊறுகாய் கெடாம நிக்கறதே உப்பாலதான், எடையில பத்து சதவீதத்துக்கு மேல உப்பு இருக்கறது சகஜம். 12 சதவீதம்னு வெச்சா 10 கிராம் ஊறுகாய்ல, அதாவது தயிர் சாதத்துக்கு ஓரத்துல வெக்கற அந்த சின்ன உருண்டைல, 1.2 கிராம் உப்பு, 480 மி.கி. சோடியம். மூணு வேளையும் தொட்டுக்கறவங்க சாம்பார்ல உப்பே போடாட்டியும் 1400ஐ தாண்டிட்டாங்க. "வீட்டுல போட்டது, கெமிக்கல் இல்ல"ன்னு பாட்டி சொல்லுவாங்க, உப்பு விஷயத்துல வீடு, கடைன்னு வித்தியாசம் கிடையாது, வீட்டு ஊறுகாய்ல இன்னும் ஒரு கை ஜாஸ்தியாகூட இருக்கும்.

அப்பளம் மீடியம் சைஸ் ஒண்ணுக்கு 150லருந்து 200. அதுல உப்பு மட்டும் இல்ல, அப்பளக்காரமும் சேருது, அதுவும் சோடியம்தான். சமையல் சோடாவும் அப்படியே, ஒரு டீஸ்பூன்ல 1200க்கு மேல, போண்டா மாவுல போடற சிட்டிகையை யாரும் கணக்குல எடுக்கறதில்ல. மோர் மிளகாய், மாவடு, உப்பு நார்த்தங்காய் எல்லாம் உப்புல ஊறினதுதான், கழுவினா கொஞ்சம் குறையும், ஊறினது ஊறினதுதான். கருவாட்டைப் பத்தி நெய்தல்காரங்க கோவிச்சுக்காதீங்க, 100 கிராமுக்கு பல ஆயிரம் மி.கி. போகும், தண்ணில ஊற வெச்சு மாத்தி மாத்தி கழுவினாலும் சிகேடி ஆளுக்கு அது தினப்படி சாமான் கிடையாது.

அஜினோமோட்டோவை எல்லாரும் வில்லன் ஆக்கறாங்க. சோடியம் கணக்குல மட்டும் பாத்தா அது உப்புல மூணுல ஒரு பங்குதான், 12 சதவீதம். ஆனா நம்ம கடைங்கள்ல உப்புக்கு பதிலா அதைப் போடறதில்ல, உப்பு, சோயா சாஸ் எல்லாம் போட்டு அதுக்கு மேலயும் போடறாங்க.

இந்த லிஸ்ட் பண்ணும்போதே இன்னொண்ணையும் பிரிச்சு வைங்க: நட்சத்திரப்பழம், அதாவது ஸ்டார் ப்ரூட் ஊறுகாய். இது சோடியம் பிரச்சனை இல்ல, அதை விட மோசம். கிட்னி கெட்டவங்களுக்கு அந்தப் பழத்துல இருக்கற நச்சு வெளிய போகாம மூளையைத் தாக்கும், நிக்காத விக்கல், குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும். ஒரு துண்டுகூட வேண்டாம். அதோட இனத்தைச் சேர்ந்த பிலிம்பிக்காயும் வேண்டாம், அதை ஜூஸா குடிச்சு நல்லா இருந்த கிட்னியே பாதிச்ச கேஸ் கேரளால பதிவாயிருக்கு.

ஸ்டெப் 4: லேபிள்ல மூணே இடம் பாருங்க

முதல்ல சோடியம் மி.கி.ன்னு போட்ட வரி. நம்ம ஊர் பாக்கெட்ல பெரும்பாலும் 100 கிராமுக்குன்னு போட்டிருக்கும், சிலதுல ஒரு சர்விங்குக்கும் போட்டிருப்பாங்க. சர்விங்னு அவங்க சொல்றது 10, 15 கிராமா இருக்கும், நாம போட்டுக்கறது அதுல மூணு மடங்கு, அதனால 100 கிராம் கணக்கையே பிடிங்க, நாம எவ்வளவு கிராம் போட்டுக்கறோமோ அதால பெருக்கி 100ஆல வகுத்துக்கோங்க. லண்டன்லருந்து மச்சான் கொண்டு வந்த பாட்டில்ல சோடியம்னு இருக்காது, உப்புன்னு கிராம்ல இருக்கும், அதை 2.5ஆல வகுத்தா சோடியம்.

ரெண்டாவது, முன்பக்கம் இருக்கற விளம்பர வார்த்தை. இந்தியால எப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி "லோ சோடியம்"னு போடணும்னா 100 கிராமுக்கு 120 மி.கி.க்கு மேல இருக்கக் கூடாது. ஆனா "25% லெஸ் சோடியம்"ன்றது வேற கதை, அதோட பழைய சரக்கை விட குறைவு, அவ்வளவுதான். குறைச்ச சோயா சாஸ்லயும் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 500, 600 நிக்கும். "லெஸ்"ன்ற வார்த்தையைப் பாத்து தாராளமா ஊத்தினா பழைய இடத்துக்கே வந்து நிப்போம்.

மூணாவது, பொடி எழுத்துல இருக்கற ஐஎன்எஸ் நம்பர்கள், அதாவது உணவுல சேர்க்கற கெமிக்கலுக்கு குடுத்த நம்பர். 338லருந்து 343 வரைக்கும், அப்பறம் 450, 451, 452 எல்லாம் பாஸ்பேட். பருப்புல இருக்கற பாஸ்பரஸை விட இந்த சேர்த்த பாஸ்பேட்டை உடம்பு ரொம்ப வேகமா, ரொம்ப ஜாஸ்தியா உறிஞ்சிடும், பாஸ்பரஸ் ஏறினவங்களுக்கு இது ஆகாது. 508ன்னு இருந்தா அது பொட்டாசியம் குளோரைடு. அதுக்குத்தான் அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 5: "நல்ல உப்பு"ன்னு ஒண்ணைத் தேடாதீங்க

இந்த ஸ்டெப்பை மட்டும் படிச்சுட்டு மத்ததை விட்டாலும் பரவால்ல.

கடைல "லோ சோடியம் உப்பு", "ஹார்ட்டுக்கு நல்ல உப்பு"ன்னு விக்கறாங்க. சோடியம் உப்புல ஒரு பங்கை எடுத்துட்டு அந்த இடத்துல பொட்டாசியம் குளோரைடு போட்டதுதான் அது. கிட்னி நல்லா இருக்கறவங்க பிரஷருக்கு அதை யூஸ் பண்ணலாம், ஆனா கிட்னி பழுதானா பொட்டாசியத்தை வெளிய தள்ள முடியாது. அதுவும் டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஏற்கனவே பொட்டாசியம் ஏறற சான்ஸ் இருக்கு. ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப ஏறினா முன்னறிவிப்பே இல்லாம இதயத் துடிப்பு தடுமாறும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரில இந்த மாத்து உப்பைப் பரிந்துரைச்சு கைட்லைன் வெளியிட்டப்போகூட, கிட்னி பாதிச்சவங்களுக்கு இது பொருந்தாதுன்னு சொல்லித்தான் வெளியிட்டுச்சு. அதனால பக்கத்து வீட்டுக்காரர் பிரஷருக்கு வாங்கினதைப் பாத்து நீங்க வாங்காதீங்க. "லெஸ் சோடியம்" சாஸ், சூப் பொடிலயும் இதே பொட்டாசியம் உப்பு இருக்கலாம், 508ஐத் தேடுங்க.

இந்துப்பு? அதுவும் சோடியம் குளோரைடுதான், 95 சதவீதத்துக்கு மேல. ரோஸ் கலர்ல இருக்கறதால கிட்னிக்குத் தெரியவா போகுது. கருப்பு உப்பும் அதே. வாட்ஸப்ல "இந்துப்பு எவ்வளவு வேணா சாப்பிடலாம்"னு வர்றதை நம்பி கூடுதலா போட்டுக்கறவங்களை நானே பாத்திருக்கேன்.

ஸ்டெப் 6: உப்பை எடுத்த இடத்துல வேற ஒண்ணை வைங்க

வெறுமனே எடுத்தா யாரும் ஒரு வாரம் தாண்ட மாட்டாங்க. நாக்கு கேக்கறது உப்பை மட்டும் இல்ல, புளிப்பு, காரம், வாசனை எல்லாத்தையும்தான். எலுமிச்சை, வினிகர், ஆம்சூர் (காஞ்ச மாங்காய்ப் பொடி), மிளகு, வறுத்த சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை, நல்லா சிவக்க வதக்கின பூண்டு, இதுங்கள்ல எதுலயும் சொல்லிக்கற அளவுக்கு சோடியம் கிடையாது. பெருங்காயத் தாளிப்பை கடைசில கொட்டினா பாதி உப்புல வெச்ச ரசம்கூட தாராளமா இறங்கும். உப்பையும் கொதிக்கும்போது போடாம இறக்கும்போது போடுங்க, கூட்டு, பொரியல்ல மேலாப்புல தூவினா கம்மி உப்பு ஜாஸ்தியா தெரியும்.

சோயா சாஸ் வாசனை இல்லாம இருக்க முடியாதவங்களுக்கு: அரை டீஸ்பூன் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் வினிகர், ஒண்ணரை டீஸ்பூன் தண்ணி, கால் டீஸ்பூன் சர்க்கரை, மிளகுத்தூள், நசுக்கின பூண்டு ஒரு பல். மொத்தம் ஒரு டேபிள்ஸ்பூன் வரும், சோடியம் 150 பக்கம், 900 எங்க 150 எங்க. சுகர் இருந்தா சர்க்கரையை விட்டுடுங்க. பிரைட் ரைஸ்ல இதைப் போடும்போது தனியா உப்பு போடாதீங்க, அவ்வளவுதான் ரகசியம்.

சில்லி சாஸுக்கு பதிலா: பத்து வரமிளகாயை சுடுதண்ணில ஊற வெச்சு, ஆறு பல் பூண்டு, ரெண்டு டேபிள்ஸ்பூன் வினிகரோட அரைச்சு, கொஞ்சம் எண்ணெய்ல பச்சை வாசனை போக சுருள வதக்குங்க. உப்பே வேண்டாம். ஆனா பிரிட்ஜ்லதான் வெக்கணும், மூணு நாலு நாளுக்குள்ள முடிச்சிடணும், உப்பு இல்லாத பூண்டும் எண்ணெயும் வெளிய கிடந்தா விஷக் கிருமி வளர இடம் குடுக்கும். நிறைய பண்ணா ஐஸ் ட்ரேல ஊத்தி ப்ரீசர்ல வெச்சுக்கோங்க.

ஊறுகாய்க்கு பதிலா கல்யாண வீட்டு மாங்காய்: 100 கிராம் பொடியா நறுக்கின மாங்காய், கால் டீஸ்பூன் உப்பு, மிளகாய்த்தூள், வறுத்த வெந்தயப்பொடி, நல்லெண்ணெய்ல கடுகு பெருங்காயம் தாளிச்சு கொட்டுங்க. எட்டு பேருக்கு பிரிச்சா ஒருத்தருக்கு 75 மி.கி. வரும். ஜாடி ஊறுகாய்ல 10 கிராமுக்கே 480. இது கெட்டுப் போகும், அதனால அன்னன்னைக்கு, இல்லாட்டி பிரிட்ஜ்ல ரெண்டு நாள். உப்பைக் குறைச்சு ஜாடி ஊறுகாய் போடலாமான்னு கேக்காதீங்க, பூஞ்சை பிடிக்கும்.

வத்தல் வேற மாதிரி, அதைக் காப்பாத்தறது வெயில். அரிசிக்கூழ் வத்தல்ல பாதி உப்பு போட்டு நல்லா காய வெச்சா கெடாது. இட்லி பொடியை உப்பில்லாம அரைச்சு டப்பால போட்டுட்டு, மத்தவங்க தட்டுல உப்பு சேத்துக்கட்டும். மாவுலயும் அதே: உப்பு போடறதுக்கு முன்னாடி அவருக்கு வேண்டியதை தனியா எடுத்து வெச்சுக்கோங்க, சட்னில கொஞ்சம் உப்பு இருந்தா தோசைல இல்லாதது தெரியாது. நான் குழம்பே மொத்த வீட்டுக்கும் கம்மி உப்புல வெச்சுட்டு, வேணும்னறவங்க இலைல போட்டுக்கோங்கன்னு விட்டுட்டேன். ரெண்டு அடுப்பு சமையல் ரொம்ப நாள் தாங்காது. முதல் சில வாரம் முணுமுணுப்பு இருக்கும், நாக்கு பழகினப்பறம் கடை சாம்பார் அவங்களுக்கே கரிக்கும்.

ஸ்டெப் 7: ஒரு நாளை பேப்பர்ல போட்டுப் பாருங்க

2000 கோட்டா. பால், முட்டை, காய்கறி இதுங்கள்ல தானாவே இருக்கற சோடியம் 400ன்னு வெச்சு கழிங்க, மிச்சம் 1600. இப்ப தொட்டுக்கறதை எடுங்க: மதியம் ஒரு அப்பளம் 200, சாயங்காலம் ஒரு டேபிள்ஸ்பூன் தக்காளி சாஸ் 150, ராத்திரி அந்தக் கல்யாண வீட்டு மாங்காய் 75. மிச்சம் 1175, அது கிட்டத்தட்ட 3 கிராம் உப்பு, அரை டீஸ்பூன். அந்த அரை டீஸ்பூனை காலைலயே சின்ன டப்பால போட்டு வெச்சுடுங்க, அவரோட மூணு வேளைக்கும் அதுலருந்துதான். இதே நாள்ல ஜாடி ஊறுகாய் ஒரு வேளை வந்துச்சுன்னா மாங்காயும் அப்பளமும் போச்சு, டப்பாவும் கொஞ்சம் குறையும். சம்பளத்துல வாடகையை முதல்ல எடுத்து வெக்கற மாதிரிதான். எது வேணும்னு அவரே தேர்ந்தெடுக்கட்டும், வயசானவங்ககிட்ட பிடுங்கினா கோவம்தான் வரும், ஒளிச்சு வெச்சும் சாப்பிடுவாங்க.

ஸ்டெப் 8: வெளிய சாப்பிடும்போது

ஹோட்டல்ல சாம்பாரை இட்லி மேல ஊத்த விடாதீங்க, கிண்ணத்துல வாங்கி தொட்டு சாப்பிட்டா பாதி மிச்சம். சைனீஸ் கடை வேண்டாம், போயே ஆகணும்னா சாஸ் போடாம முட்டையும் மிளகும் போட்டு தரச் சொல்லுங்க, பெரும்பாலும் பண்ணித் தருவாங்க. கல்யாண இலைல ஊறுகாய், அப்பளம், வத்தக்குழம்பு, மோர் மிளகாய் நாலுல ஒண்ணுதான். பரோட்டாவுக்கு சால்னாவைக் குளிப்பாட்டறதை மறந்துடணும். அன்னைக்கு ஒரு வேளை வெளிய சாப்பிட்டா மிச்ச ரெண்டு வேளை உப்பு டப்பாவைத் தொடாதீங்க.

வயிறு சரியில்லன்னு ஈனோ கலக்கி குடிக்கறது, தண்ணில நுரைச்சு கரையற மாத்திரை போடறது, இதுங்களும் சோடியம்தான். நுரைக்கற பாராசிட்டமால் சிலதுல ஒரு மாத்திரைக்கு 400 மி.கி. பக்கம் இருக்கு. ஆனா டாக்டரே ரத்தத்துல அமிலம் குறைய சோடா பைகார்ப் மாத்திரை எழுதியிருந்தா "சோடியமாச்சே"ன்னு நீங்களா நிறுத்தக் கூடாது.

ஸ்டெப் 9: வேலை செய்யுதான்னு பாக்கறது

தினமும் காலைல டாய்லெட் போய்ட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி, அதே தராசுல எடை. நோட்டுல எழுதுங்க, பக்கத்துல பிரஷரையும். ஒரே நாள்ல ஒரு கிலோ ஏறினா அது சதை இல்ல, தண்ணி, முந்தின நாள் என்ன சாப்பிட்டாங்கன்னு நோட்டைப் புரட்டினா பெரும்பாலும் காரணம் மாட்டும். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவுல ஏறற எடையும் தாகமும்தான் அளவுகோல். தண்ணியைக் குறைன்னு திட்டறதுல பிரயோஜனம் இல்ல, உப்பு உள்ள போனா தாகம் எடுக்கத்தான் செய்யும், ஊறுகாயை நிறுத்தினா தண்ணி தானா குறையும்.

திடீர்னு கை கால் தளர்ச்சி, நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்கறது, படுக்க முடியாம உக்காந்தே இருக்கறதுன்னா நோட்டை மூடிட்டு உடனே ஆஸ்பத்திரி போங்க. வாந்தி, பேதி வந்த நாள்ல இந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் அப்படியே பிடிச்சு தொங்காதீங்க, அன்னைக்கு உடம்புலருந்து உப்பும் தண்ணியும் போயிட்டு இருக்கும். ஓஆர்எஸ் குடுக்கலாமா (அதுல சோடியம், பொட்டாசியம் ரெண்டுமே இருக்கு), டெல்மிசார்டன், ராமிப்ரில், தண்ணி மாத்திரை (யூரின் ஜாஸ்தியா போக வெக்கறது) எதையாவது அன்னைக்கு நிறுத்தி வெக்கணுமான்னு நெப்ராலஜிஸ்டுக்கு போன் போட்டு கேட்டுட்டு பண்ணுங்க. அந்த நம்பரை பிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சுடுங்க.